இருபதுக்குப் பூஜ்யம்

நாரினில் ஜனவரி. வகுப்பறை அடுப்பு
புகைகிறதே தவிர எரிவதில்லை.
பதினான்கு பிள்ளைகள், ஏழு டேப்லெட்.
கையுறை போட்ட விரலைத் திரை மதிக்காது,
விறைத்த விரலையும் லேசில் மதிக்காது.
ஆகவே கணக்குப் பாடத்தின் முதல் ஐந்து நிமிடம்
எல்லோரும் விரல்நுனியை ஊதிக்கொண்டிருப்போம்,
நானும்தான்.

செயலிக்குள் ஒரு கரடி இருக்கிறது.
சரியான விடையைத் தொட்டால்
தேனடையை நக்கிவிட்டுக் கைதட்டும்.
எப்போதும் மூன்று தட்டு. அவ்வளவுதான்.
தவறான விடையைத் தொட்டாலோ
அதன் காலடிப் பனிக்கட்டி முதலில் ஒரு கீறல் விடும்.
கரடி தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும்,
இது நியாயமா என்கிற பார்வை.
பிறகு தொப்பென்று ஆற்றுக்குள்.
காதில் தண்ணீர் வழிய எழுந்து
ஒரு மீனைத் துப்பும்.

இதைச் செய்தவருக்குப் பிள்ளைகளைத் தெரியாது.
அல்லது ரொம்பவே தெரியும்.

இரண்டாம் வாரம், வாய்ப்பாடு.
எலமான் இருபதுக்குப் பூஜ்யம்.
அவனோடு திரையைப் பங்கிடும் ஜாஸ்குல், பூஜ்யம்.
புதன்கிழமைக்குள் பதின்மூன்று பேர்.
அறை முழுக்கத் தொப், தொப்,
அடுப்பே தேவைப்படாத அளவுக்குச் சிரிப்பு.

மாவட்ட அலுவலகத்திலிருந்து குபாத் அழைத்தார்.
அவருடைய திரையில் என் வகுப்பு
வரைபடத்தின் அடியில் சிவப்பாகப் படுத்திருக்கிறதாம்.
"என்னதான் சொல்லித் தருகிறீர்கள்?"

அன்றிரவு கேள்விகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்.
கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும்
இருபதில் நாலைந்து சரியாக விழுந்து தொலைக்கும்.
எங்கள் ஆடு மிதித்தாலும் விழும்.
பூஜ்யம் சும்மா வராது.
இருபது தடவையும் சரி எது என்று தெரிந்து
அதை மட்டும் தொடாமல் விரல் விலக வேண்டும்.

குபாத்திடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும்.
"இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?" என்றார்.

பேகிமாய் மட்டும் ஒருநாளும் கரடியைத் தள்ளவில்லை.
ஏன் என்று கேட்டேன்.
"யாராவது ஒருத்தர் அதற்குச் சாப்பாடு போட வேண்டாமா?"

மார்ச்சில் செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
யார் சொல்லியோ தெரியவில்லை.
ஆறு இல்லை, மீன் இல்லை.
தவறுக்கு இனி சாம்பல் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி,
சத்தம்கூடக் கிடையாது.
கரடி கல்லில் உட்கார்ந்தபடி தட்டுகிறது, மூன்று தட்டு,
ஓய்வூதியத்துக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவைப்போல.

அந்த வாரம் எல்லோரும் இருபதுக்கு இருபது.
குபாத் வாழ்த்து அனுப்பினார், பச்சை வரைபடத்தோடு.
வகுப்பில் நிலக்கரி நொறுங்குவது கேட்டது.
தாலாய் திரைமேல் கன்னம் வைத்துத் தூங்கினான்,
அவன் கன்னம் ஒரு விடையைத் தொட்டது,
அதுவும் சரியான விடை.

வெள்ளிக்கிழமை ஏழும் சார்ஜ் தீர்ந்து அணைந்தன.
சார்ஜ் போட மறந்தேன் என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.
மறதி என்பது அவ்வளவு துல்லியமான சொல் இல்லை.

கரும்பலகையில் எழுதினேன்: ஏழு எட்டு?

எலமான் எழுந்து பெஞ்சின் மேல் ஏறினான்.
"ஐம்பத்தைந்து" என்றான், தயங்காமல், சத்தமாக,
ஒன்றே ஒன்று குறைய.
ஜாஸ்குல் நகத்தால் மேசையைக் கீறினாள்,
நீளமாய், பனிக்கட்டி விரிகிற ஓசை.
அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்,
அதே பார்வை.
தொப்.

தரையிலிருந்து எழுந்தவன்
துப்புவதற்கு எதுவுமில்லாமல் விழித்தபோது
பேகிமாய் கோட்டுப் பையைத் துழாவி
காய்ந்த தயிர் உருண்டை ஒன்றை
அவன் வாயில் திணித்தாள்.